தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இராஜபாளையம்
10.6.2024

தங்கச்சி வெள்ளைத்தாய்க்கு அக்கா பாலம்மாள் எழுதுவது.

என் பேரன் கௌதம்ராஜ் எஸ்.ஐ. பரீட்சையில் பாஸாகிவிட்டான். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் அவன்தான் முதல். இன்டர்வியூவும் முடிந்தது. இனி போலீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்து, குடும்பம் எப்படி, கேஸ் கீஸ் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனால் ஆர்டர் வந்துவிடும். பேத்தி வெங்கடேஸ்வரி மதுரையில் நர்சிங் மூன்றாம் வருஷம். அவள் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காதாம், பெரிய டாக்டரே சொல்கிறாராம். மகள் வயிற்றுப் பேரன் ஹரிகிருஷ்ணன் பட்டாளத்தில் நாயக் ஆகிவிட்டான். பனியில் நிற்கிற படம் அனுப்பியிருக்கிறான். முகமெல்லாம் மூடி மூக்கு மட்டும்தான் தெரிகிறது. அந்த மூக்கிலேயே நம் அப்பா ஜாடை இருக்கிறது.

என்னடா இவள் எழுதுகிறாளே என்று நினைப்பாய். நீ கோயிலில் சூடத்தை அணைத்துச் செய்த சத்தியம், இனி என் முகத்தில் முழிப்பதில்லை, என்னோடு பேசுவதில்லை என்றுதான். எழுதுவதைப் பற்றி நீ வாயே திறக்கவில்லை. பூசாரியிடமும் கேட்டுவிட்டேன். "எழுதிக்கோங்க ஆச்சி, அதுல தெய்வக் குத்தம் வராது" என்றார்.

உன் மகன் மூக்கன் எப்படி இருக்கிறான்? இப்போது எந்த ஊரில் இருக்கிறான்? உன்னோடு கடைசியாக எப்போது பேசினான்? சும்மாதான் கேட்கிறேன்.

பதிலை யாரிடமும் கொடுத்து விடாதே. தபாலிலேயே போடு. உடனே போடு.

அக்கா பாலம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.6.2024

அக்காவுக்கு,

அஞ்சாம் வகுப்போடு நின்றாலும் பெருமை எழுத உனக்கு எழுத்துப் பஞ்சமே வரவில்லை. நான் எட்டாவது படித்தவள், எனக்கு எழுத ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை இருந்தால்தானே எழுத.

பஸ் ஏறினால் அரை மணி நேரம். எட்டு வருஷமாக உனக்கு என் நினைப்பு வரவில்லை. இப்போது என் பிள்ளையை மட்டும் தேடுகிறாய். உன் வீட்டுக்காரர் செத்தபோது உன் மகன் பாண்டிதுரை பட்டாளத்திலிருந்து வந்து சேர நாளாகும் என்று, என் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கச் சொன்னாயே, அப்போது என்னைக் கேட்டாயா? பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கையில் ஒருத்தன் இன்னொருவருக்குக் கொள்ளி வைக்கலாமா? "தவிட்டுக்கு வாங்குன பிள்ளை எனக்கும் பிள்ளைதான்" என்று ஊர் கேட்கச் சொன்னாய். அடுத்த வருஷமே எங்க வீட்டு அவியளும் போய்ச் சேர்ந்தாவ. அந்தக் கொள்ளிக் குடத்தை என் பிள்ளை தோளில் ஏற்றியது நீதான்.

மூக்கன் திருப்பூரில் இருக்கிறான். நல்லா இருக்கிறான். போன் பண்ணுகிறான்.

உனக்கு என்ன வேண்டும்?

வெள்ளைத்தாய்


இராஜபாளையம்
15.6.2024

வெள்ளைத்தாய்,

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். இதைப் படி.

போன வாரம் பேப்பரில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் சின்னதாக ஒரு சேதி. சோழபுரம் பக்கத்துக் கண்மாயில் ஓர் ஆண் பிணம் ஒதுங்கிக் கிடந்ததாம். யார், எந்த ஊர், தெரியவில்லையாம். வயது நாற்பதுக்கு மேல் இருக்குமாம். பின்தலையில் அடி. அடித்துப் போட்டதா, விழுந்து பட்டதா, அதுவும் தெரியவில்லையாம். அடையாளம் என்று போட்டிருந்தது இது: வலது மூக்கில் துளை குத்திய வடு.

பஸ் ஸ்டாண்டிலும் ஒட்டியிருக்கிறார்கள். அங்கே ஒருத்தர் படித்துவிட்டு, "ஆம்பள மூக்கு குத்தியிருக்கான்னா வடக்கத்தி ஆளாத்தான் இருக்கும். ரயில்ல வந்த சாமியாரு" என்றார். நான் பக்கத்தில் கீரைக்கட்டோடு நின்றேன். கீரையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வடக்கத்தி ஆளா? உனக்கு முதல் மூன்றும் தங்காமல் போனபோது, நாலாவதையாவது எமன் கண்ணில் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று நம் அம்மா என்ன செய்தாள்? பிறந்த அன்றே குப்பையில் போட்டுப் புரட்டி எடுத்தாள். மூக்கைக் குத்தி, பொம்பளைப் பிள்ளை என்று சொன்னாள். ஒரு முறம் தவிட்டை என் கையில் கொடுத்து, அதை உன்னிடம் நீட்டிப் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டு வாசல் தாண்டிப் போய், "இது என் பிள்ளை, செத்த நேரம் பால் கொடு" என்று உன்னிடமே திருப்பித் தந்தேன். ஆவுடையப்பன் என்று பேர் வைத்தும் நாம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மூக்கன், மூக்கன் என்றே வளர்ந்தான்.

பிணத்தை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். தேடி ஆள் வராவிட்டால் புதைத்துவிடுவார்களாம். நீ பெற்றவள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா. அவன் இல்லை என்று தெரிந்தால் நான் உறங்குவேன்.

பாலம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.6.2024

அக்காவுக்கு,

போக மாட்டேன்.

ஊரில் மூக்கு குத்திய ஆண் என் பிள்ளை ஒருத்தன்தானா? பிள்ளை தங்காத வீடு இந்த ஜில்லாவில் எத்தனை இருந்தது! செட்டியார்பட்டியில் ஒருத்தர் இருந்தார், நம் அப்பாவோடு மாட்டுத் தரகுக்கு வருவார், அவருக்கும் உண்டு.

மூக்கனுக்கு போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் பேசுகிறாள். அவன் அடிக்கடி நம்பர் மாற்றுகிறவன்.

அக்கா, யோசித்துப் பார். இவன் வெள்ளைத்தாய் பிள்ளை இல்லை, குப்பை, தவிட்டுக்கு வாங்கினது என்று எமனிடம் பொய் சொல்லித்தானே இத்தனை வருஷம் வைத்திருக்கிறோம்? இப்போது நானே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று "என் மகனா இருக்குமோன்னு பார்க்க வந்தேன்" என்று சொல்லணுமா? அங்கே கிடப்பது யாரோவாக இருந்தாலும், அந்தச் சொல் எமன் காதில் விழுந்துவிடாதா? எங்கேயோ நல்லபடியாக இருக்கிற பிள்ளையை நான் காட்டிக்கொடுத்தது ஆகாதா?

அதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. நீயும் இனிமேல் எழுதாதே.

ஒன்று கேட்கிறேன். சின்ன வயதிலிருந்தே எதையாவது மறைத்தால் முதலில் பெருமை பேசுவாய். அம்மா கண்ணாடியை உடைத்த அன்று, பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தவள் நீ. போன கடிதத்துக்கு முந்தின கடிதம் முழுக்கப் பெருமை. எதை மறைக்கிறாய்?

வெள்ளைத்தாய்


இராஜபாளையம்
20.6.2024

வெள்ளைத்தாய்,

கதவைத் தாழ் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மூக்கன் இங்கே வந்தான். போன மாசக் கடைசியில், மத்தியான வேளை. நான் மட்டும் வீட்டில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கச் சந்து வழியாக வந்து, "பெரியம்மா, நாந்தான்" என்றான். சட்டை காலரிலிருந்து பை வரைக்கும் கிழிந்து தொங்கியது. வண்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றான். முழங்கையில் சிராய்ப்பே இல்லை. வண்டியும் இல்லை.

பசிக்குது என்றான். அடுப்பில் கௌதம்ராஜுக்கு வைத்த ஓட்ஸ் கஞ்சிதான் இருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு, "என்ன பெரியம்மா, என்னிய வாங்குன தவிட்டையே திருப்பிக் குடுக்கியளா?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குள் தெருவில் ஒரு பைக் போனது. அவன் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நாற்பத்தாறு வயது ஆள், அவனைச் சின்னப் பிள்ளையில் நாய் துரத்தியபோது இருந்த அதே முகம்.

"என்னலே ஆச்சு? யாருகிட்ட வம்பு?" என்றேன். "ஒண்ணுமில்ல. யாரும் கேட்டா நான் வரலன்னு சொல்லுங்க. அம்மாகிட்டயும் சொல்லாதீய. அவ சத்தியம் பண்ணிட்டு உங்ககூடப் பேசாம இருக்கா, அதுவும் நல்லதுதான்" என்றான். மாற்றிக்கொள்ள ஒரு சட்டை கேட்டான். கொடியில் கிடந்ததைக் கொடுத்தேன். ஊதாக் கட்டம் போட்டது. கௌதம்ராஜ் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை.

மறுநாள் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "ஆச்சி, மூக்கு குத்துன ஆளு ஒருத்தன் இந்தப் பக்கம் வந்தானா?" என்றார்கள். "எங்க வீட்டுல மூக்கு குத்துனது பொம்பளைக மட்டுந்தான்யா" என்றேன். நல்ல தைரியமாகத்தான் சொன்னேன். அவர்கள் போனபின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பேப்பரில் சேதி. அதில் இன்னொரு அடையாளமும் இருந்தது. உனக்கு எழுதாமல் விட்டேன். உடம்பில் ஊதாக் கட்டம் போட்ட சட்டை. காலரில் இராஜபாளையம் தையல் கடை லேபிள், பாதி அழிந்தது.

போலீஸ் ஒவ்வொரு தையல் கடையாகக் கேட்டு வருகிறதாம். அவர்கள் இந்த வாசலுக்கு வந்தால் பேரன் சட்டை பிணத்தின் மேல் எப்படிப் போனது என்று கேட்பார்கள். குடும்பத்தை விசாரிக்க வருகிறவர்களும் அவர்களேதான். அவன் எட்டு வருஷமாக இந்த வேலைக்காக விடியுமுன் எழுந்து ஓடுகிறான். நேற்று, "அப்பத்தா, என் ராசியான சட்டை எங்க?" என்றான். பிச்சைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். "சரியாப் போச்சு. அவன் இந்நேரம் எஸ்.ஐ. ஆயிருப்பான்" என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

பைக் சத்தம் கேட்டால் போலீஸா, அந்த இரண்டு பேரா என்று தெரியாமல் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். மருமகள், அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைக்கிறாள்.

பாலம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.6.2024

அக்கா,

என் பிள்ளை பயந்து வந்து உன் வீட்டில் ஒளிந்து நின்றிருக்கிறான். அதை எனக்குச் சொல்ல மூன்று கடிதம் ஆனது உனக்கு. நீ அரை மணி நேரத்தில் பஸ்ஸில் வந்து என் வாசலில் நின்றிருந்தால், சத்தியமாவது ஒன்றாவது என்று நான் கதவைத் திறந்திருக்க மாட்டேனா? திறந்திருப்பேனா? எனக்கே தெரியவில்லை.

நீ போ. நீதான் முறத்தில் தவிடு கொடுத்து வாங்கினவள். போய்ப் பார். ஆனால் பேரைச் சொல்லாதே. அவன் பேரையும் சொல்லாதே, என் பேரையும் சொல்லாதே. இடது கால் சுண்டு விரலைப் பார். நகம் இருக்காது. ஏர்க்கலப்பையில் பட்டுப் போனது. நகம் இருந்தால் அவன் இல்லை.

இன்றைக்கே போ.

வெள்ளைத்தாய்


இராஜபாளையம்
27.6.2024

வெள்ளைத்தாய்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் கைக்கு வந்தது. நடுவில் ஞாயிறு. நேற்று, கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் மாரிக்கனி என்று ஒரு போலீஸ்காரப் பெண். நாற்காலி போட்டு உட்காரவைத்தாள்.

"அந்தப் பாடிய முந்தாநாளே பொதச்சாச்சே ஆச்சி. நாங்களும் எம்புட்டு நாள் வச்சிருக்க?" என்றாள்.

கால் விரலை யார் பார்த்தார்கள், யாரிடம் கேட்க? நீ சத்தியம் செய்து வைத்தாய், நான் தபாலில் எழுதினேன். இரண்டு பேரும் தெய்வத்துக்குப் பயந்து நடந்தோம். அதற்குள் மண் போட்டுவிட்டார்கள்.

போட்டோ காட்டினாள். முகம் மட்டும் எடுத்தது. தண்ணீரில் கிடந்த முகம். அதைப் பற்றி எழுத மாட்டேன். மூக்கில் வடு இருந்தது. அந்த முகத்தில் மூக்கு ஒன்றுதான் மூக்காக இருந்தது.

பிறகு ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தாள். மூன்றாவது பட்டனைப் பார்த்தேன். சிவப்பு நூல். வீட்டில் ஊதா நூல் இல்லாமல் நான்தான் சிவப்பில் தைத்தேன். தொட்டுப் பார்க்கக்கூட இல்லை. என் தையல் எனக்குத் தெரியாதா?

"ஆச்சி, நீங்க யாரத் தேடி வந்தீக?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தன்."

"பேரு?"

நீ சொல்லாதே என்றாய்.

"பேரு தெரியாமலா வெயில்ல இம்புட்டு தூரம் வந்தீக? சரி, இது அவனா?"

"தெரியல தாயி" என்றேன்.

"சட்டை?"

"தெரியல."

அவள் என்னையே பார்த்தாள். "பெத்தவங்க யாராவது ரத்தம் குடுத்தா ஒப்பிட்டுச் சொல்லிரலாம் ஆச்சி. இல்லன்னா இந்தக் கேஸு இப்படியேதான் கிடக்கும். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். மோர் வாங்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

முகத்தைத் தெரியவில்லை என்று நான் சொன்னது நிஜம். சட்டையைத் தெரியவில்லை என்று சொன்னது பேரனுக்காக. இரண்டையும் ஒரே வாயால் ஒரே மாதிரி சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மொட்டை போட்டுக் கொள்ளி வைத்த பிள்ளைக்கு ஒரு கைப்பிடி மண்கூட நான் போடவில்லையோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவன் இல்லையென்றால் நல்லது. அவன்தான் என்றால்?

ரத்தம் கொடுப்பாயா? நீ கொடுத்தால் என் பேரன் சட்டை வெளியே வரும். வந்தால் வரட்டும். இதை எழுதிவிட்டேன், இனி மாற்ற மாட்டேன்.

பாலம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.8.2024

அக்கா,

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. தேர் வரைக்கும் பார்ப்போம் என்று இருந்தேன். ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க எந்த வருஷமும் அவன் வராமல் இருந்ததில்லை. சுரம் அடித்த வருஷம்கூட வந்தான்.

வரவில்லை.

தேரன்று நீ எதிர்ப்பக்கம் வளையல் கடையை ஒட்டி நின்றதைப் பார்த்தேன். சத்தியம் ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ தேரைப் பார்க்கவில்லை. வடம் இழுக்கிற ஆண்கள் மூக்கை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். நேற்று என் வீட்டுக்கு அந்த இரண்டு பேர் வந்தார்கள். அதே ஹெல்மெட், அதே பைக்காகத்தான் இருக்கும். "ஆவுடையப்பன் எங்க?" என்று பேரைச் சொல்லியே கேட்டார்கள். ஒருத்தன் உள்ளே வந்து அடுக்களை வரைக்கும் எட்டிப் பார்த்தான். "அவன் செத்து ரெண்டு மாசமாச்சு, போங்கய்யா" என்றேன். எப்படித்தான் அந்தச் சொல் என் வாயில் வந்ததோ. "சும்மா சொல்லாதீங்க ஆச்சி. நாங்க திரும்ப வருவோம்" என்று போனார்கள். கதவைப் பக்கத்து வீட்டு பியூலா டீச்சர்தான் வந்து சாத்தினாள்.

ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன். விடியும்போது ஒன்று தோன்றியது. அக்கா, கொன்றவர்கள் தேடுவார்களா? அவர்கள் இன்னும் தேடுகிறார்கள் என்றால் அவன் அவர்கள் கையில் சிக்கவில்லை. அவன் இருக்கிறான்! சட்டையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தானே, போட்டிருப்பதைக் கழற்றிக் கொடுக்கிறவன். மூக்கு குத்திய யாரோ ஒரு பாவப்பட்டவனுக்குக் கொடுத்திருப்பான்.

அவர்கள் மறுபடி வரட்டும். வந்தால் பயத்தில் உயிர் போகும். வராவிட்டால்தான் இன்னும் பயம்.

ரத்தம் கொடுக்க மாட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ரத்தம்?

வெள்ளைத்தாய்


இராஜபாளையம்
13.8.2024

அன்புத் தங்கச்சி வெள்ளைத்தாய்க்கு,

கௌதம்ராஜுக்கு ஆர்டர் வந்துவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் காப்பி குடித்தார்கள். "குடும்பத்துல யாரு மேலயாவது கேஸ் உண்டா ஆச்சி?" என்றார்கள். இல்லை என்றேன். தையல் கடைக்காரர், அந்தத் துணியைப் போன தீபாவளிக்கு ஊர்பூராவும் எடுத்தது என்று சொல்லிவிட்டாராம். வெங்கடேஸ்வரி பாஸ். ஹரிகிருஷ்ணனுக்கு லீவு கிடைத்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறார்கள். எழுதும்போது முன்போல இனிக்கவில்லை.

டிரெய்னிங்குக்குப் போகிற பேரனுக்குச் சட்டைகளை எடுத்து வைக்கிறேன். ஒரு பட்டன் விட்டுப்போயிருந்தது. தைக்க ஊசியை எடுத்துவிட்டு மருமகளிடம் கொடுத்துவிட்டேன். அவன், "அப்பத்தா, நான் டிரெய்னிங் முடிச்சு வந்ததும் இந்தப் பக்கத்துல பழைய கேஸ் எதையாவது எடுத்துக் கண்டுபிடிச்சுப் பேரு வாங்கணும்" என்றான். நல்லது அய்யா என்றேன்.

நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. தேடுகிறார்கள் என்றால் இருக்கிறான். நீ எட்டாவது படித்தவள், உன் கணக்கு சரியாகத்தான் இருக்கும். தேடுகிறவர்களுக்கு அவன் செத்தது தெரியாமலும் இருக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். அடித்துவிடலாம் என்றால் பேனா அந்தப் பக்கம் போகவில்லை.

உன் வீட்டில் ஒற்றையாக இருக்காதே. பியூலா டீச்சர் வீட்டில் போய்ப் படுத்துக்கொள். அந்த ஆட்கள் வந்தால் கதவைத் திறக்காதே. வராவிட்டாலும் கலங்காதே. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நீ சூடம் அணைத்த இடத்தில் வந்து நிற்பேன். நீ வந்தால் முதுகைக் காட்டிக்கொண்டாவது நில். பேச வேண்டாம்.

போலீஸ் அவன் படம் கேட்டால் கொடுக்க நம்மிடம் ஒன்றும் இல்லை, கவனித்தாயா? உன்னிடம் இருப்பது அவன் உன் இடுப்பில் உட்கார்ந்திருக்கிற வயதுப் படம். என்னிடம் இருப்பது என் வீட்டுக்காரர் செத்த அன்று மொட்டைத் தலையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது. அதை நான் திருப்பி வைத்துவிட்டேன்.

அவன் எந்த ஊரிலிருந்து, யார் போனிலிருந்து கூப்பிட்டாலும், முதலில் இதைச் சொல். ஒரு ஸ்டூடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு படம் எடுக்கச் சொல். போனில் அனுப்ப வேண்டாம், பேரன் கண்ணில் பட்டுவிடும். வலது மூக்கு தெரிகிற மாதிரிக் கொஞ்சம் திரும்பி உட்காரட்டும். எந்தச் சட்டை போட்டிருந்தாலும் சரி. உன்னிடம் வந்ததும் நீ எனக்குத் தபாலில் போடு.

அக்கா பாலம்மாள்